இருக்கை நன்கொடையா, ரீசேலா, ஸ்காலர்ஷிப்பா? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டும் மாறிப்போன வரிக் கணக்கும்

அமெரிக்காவில் படித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்து, படித்த பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஆட்டங்களுக்கு வருஷா வருஷம் சீசன் டிக்கெட் எடுக்கிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. புதுப்பிக்கும் நேரம் வந்தால் ஒரு மின்னஞ்சல் வரும். டிக்கெட் விலை ஒன்று. அந்த வரிசையில் அந்த இருக்கையை விடாமல் வைத்துக்கொள்ள அதற்கு மேல் ஒரு நன்கொடை. பல பெரிய மைதானங்களில் டிக்கெட்டைவிட நன்கொடைதான் பெரிய தொகை.

வாசகர்கள் கேட்பது இதுதான்: இந்தத் தொகைக்கு இப்போது வரிக்கழிவே, அதாவது வரி போடும் வருமானத்திலிருந்து கழிக்கும் சலுகையே, கிடையாது. அப்புறம் எதற்குக் கட்ட வேண்டும்? விட்டுவிட்டு, வேண்டிய ஆட்டத்துக்கு மட்டும், மற்றவர்கள் திரும்ப விற்கும் டிக்கெட்டை ரீசேலில் வாங்கினால் என்ன? அல்லது அதே பணத்தை ஸ்காலர்ஷிப் நிதிக்குக் கொடுத்து, கழிவாவது வாங்கிக்கொள்ளலாமா? சொந்தத் தொழில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி: கம்பெனிக் கணக்கில் எழுத முடியுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கைக்குக் கட்டுவதை டிக்கெட் விலையின் பாகமாக மட்டும் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதற்குத் தனிப் பணம், தனிக் காசோலை. இரண்டையும் கலப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

## சட்டம் எப்படி மாறியது

இந்தச் சலுகையின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. மைதானத்தில் நல்ல இருக்கை வாங்கும் உரிமைக்கும் ஒரு மதிப்பு உண்டு, ஆகவே அதற்காகக் கொடுக்கும் பணம் முழுவதும் தானமாகாது என்று 1984-இல் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் சொன்னது. பல்கலைக்கழகங்கள் கொதித்தன. 1986-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு நுழைந்தது. அதில் எந்தப் பெயரும் இல்லை. ஆனால் நிபந்தனைகளைப் படித்தால் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமும் மட்டுமே பொருந்தும். அவர்களுக்கு உண்டு, எங்களுக்கு ஏன் இல்லை என்று மற்றவர்கள் கேட்க, 1988-இல் எல்லாருக்கும் பொதுவான விதி வந்தது: இருக்கை உரிமைக்காகக் கொடுக்கும் தொகையில் 80 சதவீதத்துக்குக் கழிவு.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இது ஓடியது. 2017 டிசம்பர் 22 அன்று கையெழுத்தான வரிச் சட்டம் அதை அடியோடு நீக்கியது. 2018 முதல் டிக்கெட் வாங்கும் உரிமைக்காகக் கொடுத்த தொகையில் ஒரு டாலர்கூடக் கழியாது. அந்த டிசம்பரின் கடைசி வாரத்தில், 'டிசம்பர் 31-க்குள் அடுத்த சீசன் தொகையையும் கட்டிவிடுங்கள்' என்று விளையாட்டுத் துறைகள் நன்கொடையாளர்களை விரட்டி விரட்டிக் கேட்டன.

இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பக்கத்திலேயே நடந்த பெரிய மாற்றத்தை விட்டுவிடுகிறார்கள். அதே சட்டம், செலவுக் கணக்கு எதுவும் காட்டாமலே கிடைக்கும் நிலையான கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 2017-இல் 12,700 டாலர், 2018-இல் 24,000. அதை விட்டு, நன்கொடை போன்ற செலவுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கழிக்கிற, அதாவது ஐட்டமைஸ் செய்கிறவர்களின் எண்ணிக்கை சரிந்தது. ஆக, பழைய 80 சதவீத விதி நாளைக்கே திரும்பி வந்தாலும் பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்கு அதில் பெரிய பலன் இருக்காது. 'சலுகை திரும்ப வரும், அதுவரை சீட்டைப் பிடித்து வைப்போம்' என்று காத்திருப்பது வீண்.

2025 ஜூலை 4 அன்று வந்த சட்டமும் இருக்கை விதியைத் தொடவில்லை. ஆனால் பொதுவான நன்கொடைக் கணக்கை 2026 முதல் மாற்றியிருக்கிறது. ஐட்டமைஸ் செய்யாதவர்களும் ரொக்க நன்கொடைக்குத் தம்பதிக்கு 2,000 டாலர் வரை, தனிநபருக்கு 1,000 டாலர் வரை கழிவு எடுக்கலாம். ஐட்டமைஸ் செய்பவர்களுக்கு மொத்த வருமானத்தில் முதல் 0.5 சதவீத அளவுக்கான நன்கொடை கணக்கில் சேராது. 37 சதவீத வரி கட்டுகிறவர்களுக்குக் கழிவின் பலன் 35 சதவீதத்தோடு நின்றுவிடும். 2026-க்கான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தம்பதிக்கு 32,200 டாலர்.

பல்கலைக்கழகங்களின் பக்கமும் நெருக்கடிதான். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த, கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டின்படி, விருப்பப்படும் பல்கலைக்கழகம் 2025-26-இல் ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர் வரை விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். போட்டி போட நினைக்கிற பெரிய அணிகள் அந்த உச்சவரம்பை எட்டத்தான் பார்க்கும். டென்னசி பல்கலைக்கழகம் 2025 ஃபுட்பால் டிக்கெட்டுகளில் வீரர்களுக்குக் கொடுப்பதற்காக 10 சதவீதத் திறமைக் கட்டணம் என்று வெளிப்படையாகவே சேர்த்தது. வரிக்கழிவு போய்விட்டது என்பதற்காக இருக்கைத் தொகை குறையும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான்கு கேள்விகள் போதும். வரிக்குப் பிறகு உண்மையில் கையை விட்டுப் போகும் தொகை எவ்வளவு? இந்த இருக்கையை ஒருமுறை விட்டால் திரும்பக் கிடைக்குமா? பணம் எதற்குப் போகிறது என்பதில் உங்களுக்கு அக்கறை உண்டா? ஐஆர்எஸ் கேட்டால் காட்டக் காகிதம் இருக்கிறதா?

முதல் கேள்விக்கு ஒரு கணக்கு. இரண்டு இருக்கைகளுக்கு 3,000 டாலர் நன்கொடை என்று வைத்துக்கொள்வோம். 2017-இல் 28 சதவீத வரி வரம்பில் ஐட்டமைஸ் செய்தவருக்கு 2,400 டாலர் கழிந்தது; 672 டாலர் மிச்சம்; உண்மைச் செலவு 2,328. இன்று முழு 3,000. அந்த 3,000 கையில் வர, 24 சதவீத வரம்பில் இருப்பவர் கூட்டரசு வரியை மட்டும் பார்த்தாலே கிட்டத்தட்ட 3,950 டாலர் சம்பாதிக்க வேண்டும். மாநில வரி வேறு.

| | வரிக்கழிவு | இருக்கை உறுதி | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| இருக்கை நன்கொடை | இல்லை | உண்டு, ஆண்டுதோறும் கட்டினால் | தொகை உயர்வு, வேண்டாத ஆட்டங்கள் | பெரும்பாலான ஆட்டங்களுக்குப் போகிறவர் |
| ரீசேல் | இல்லை | இல்லை | பெரிய ஆட்டத்தின் விலை, சேவைக் கட்டணம் | இரண்டு மூன்று ஆட்டங்கள் போதும் என்பவர் |
| தனி நன்கொடை | உண்டு, வரம்புகளோடு | இல்லை | 0.5 சதவீத வரம்பு, புள்ளிகளின் சிக்கல் | கல்லூரிக்கு உதவவே நினைப்பவர் |
| கம்பெனி ஸ்பான்சர்ஷிப் | விளம்பரப் பகுதிக்கு உண்டு | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | டிக்கெட் பகுதியைப் பிரிக்க வேண்டும் | உள்ளூரில் வாடிக்கையாளர் உள்ள தொழில் |

## இருக்கை நன்கொடையைத் தொடர்வது

நன்கொடை 3,000, டிக்கெட் ஒன்று 500 வீதம் இரண்டுக்கு 1,000, மொத்தம் 4,000. சொந்த மைதானத்தில் ஏழு ஆட்டங்கள் என்றால், ஓர் ஆட்டத்துக்கு ஓர் இருக்கை ஏறத்தாழ 286 டாலர். இதுதான் நீங்கள் ஒப்பிட வேண்டிய எண். டிக்கெட்டில் அச்சிட்ட விலையைப் பார்த்து 'எழுபது டாலர்தானே' என்று மனதைத் தேற்றிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

இந்த ஏழில் இரண்டு மூன்று ஆட்டங்கள் சீசன் தொடக்கத்தில் சின்ன அணிகளோடு இருக்கும். அவற்றை விற்கப் போனால் வாங்க ஆளிருக்காது. அப்படியென்றால் நீங்கள் உண்மையில் பார்க்க நினைக்கிற நான்கு ஆட்டங்களின் தலையில்தான் மொத்த விலையும் ஏறுகிறது. பிரித்துப் பார்த்தால் ஓர் இருக்கைக்கு 500 டாலர்.

இன்னொரு விஷயம். டிக்கெட்டை வாங்கி வைத்துவிட்டு ஆட்டத்துக்கே போகாமல் இருந்தால் அது தானமாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. கிடைத்த பலனைப் பயன்படுத்தாமல் விடுவது தானமல்ல என்று ஐஆர்எஸ் 1967-லேயே சொல்லிவிட்டது. பலன் வேண்டாம் என்று கொடுக்கும்போதே மறுத்திருக்க வேண்டும்.

இங்கே நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. டோனர் அட்வைஸ்டு ஃபண்டில் (நன்கொடைக்கென்றே முன்கூட்டிப் பணம் போட்டு, எந்த அமைப்புக்குப் போக வேண்டும் என்று பிறகு சொல்லும் கணக்கு) வைத்திருக்கும் பணத்திலிருந்து இருக்கைத் தொகையைக் கட்டச் சொல்லக் கூடாது. அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே கழிவு எடுத்தாகிவிட்டது. அதிலிருந்து உங்களுக்குப் பலன் திரும்பினால், அந்தப் பலனின் மதிப்பில் 125 சதவீதம் வரை அபராத வரி உண்டு. எழுபதரை வயதைத் தாண்டியவர்கள் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து நேரே அறநிறுவனத்துக்கு அனுப்பும் வசதியும் இதற்கு உதவாது. பதிலுக்கு ஏதாவது பலன் கிடைத்தால் அந்தச் சலுகையே போய்விடும். விலை ஏறிய பங்குகளைக் கொடுத்து இருக்கை வாங்கினாலும் அதை விற்றதாகத்தான் பார்க்க வேண்டும். லாப வரி தொடரும். சுருக்கமாக, இருக்கைக்கு எப்போதும் வரி கட்டிய ரொக்கம்தான்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் யார் தொடரலாம்? ஐந்து ஆட்டங்களுக்கு மேல் குடும்பத்தோடு போகிறவர்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மெல்ல நல்ல வரிசைக்கு நகர்ந்து வந்தவர்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக உள்ள அணிகளின் ரசிகர்கள். விட்டால் திரும்பக் கிடைக்காத இடத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அணி தோற்றுக்கொண்டிருக்கும் காலத்தில், மைதானத்தில் காலி இருக்கைகள் தெரிகிறபோது, அந்த மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். அப்போது துணிந்து விடலாம். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தாலும் அவர்களே கூப்பிட்டு இடம் கொடுப்பார்கள்.

## ரீசேலில் வாங்குவது

இதில் வரிக்கணக்கு என்று ஒன்றுமே இல்லை, அதுவே நிம்மதி. ஸ்டப்ஹப், சீட்கீக் போன்ற தளங்களில் கட்டணங்களையும் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற கூட்டரசு விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே மேலே சொன்ன 286-ஓடு நேரடியாக ஒப்பிடலாம்.

சாதாரண ஆட்டங்களில் ரீசேல்தான் பெரும்பாலும் மலிவு. பரம்பரைப் போட்டி அணி வருகிற வாரத்தில் நிலைமை தலைகீழ். ஓஹையோ ஸ்டேட், மிச்சிகன் ஆட்டத்தை மட்டும் பார்க்க ஆசைப்படுகிறவர் அந்த ஒரு நாளுக்கு அரை சீசன் பணத்தைக் கொடுக்க நேரலாம். நான்கு பேர் சேர்ந்து உட்கார இடம் கிடைப்பதும் கஷ்டம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆண்டுக்கு இரண்டு மூன்று ஆட்டம் போதும், வேலை விஷயமாக ஊர் மாறலாம், விசா நிலையே உறுதியில்லை என்கிறவர்களுக்கு யோசிக்காமல் இதையே சொல்வேன்.

## இருக்கை வேண்டாம், ஸ்காலர்ஷிப் நிதிக்கு மட்டும்

சட்டம் மாறிய பிறகும் கழிவு உயிரோடு இருக்கிற வழி இது. ஆனால் விளம்பரங்கள் சொல்கிற அளவுக்குப் பலன் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மொத்த வருமானம் 3,00,000 டாலர் உள்ள தம்பதி. சொத்து வரியும் மாநில வருமான வரியும் சேர்த்து 15,000. வீட்டுக் கடன் வட்டி 10,000. ஆண்டுக்கு 5,000 டாலர் நன்கொடை கொடுக்கிறார்கள். மொத்தம் 30,000, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனான 32,200-ஐ எட்டவில்லை. ஐட்டமைஸ் செய்து பயனில்லை. 2026 முதல் அந்தப் புதிய 2,000 டாலர் கழிவு மட்டும் கிடைக்கும். 24 சதவீத வரம்பில் 480 டாலர் மிச்சம். நான்கு ஆண்டுகளுக்கு 1,920.

அதே தம்பதி நான்கு ஆண்டு நன்கொடையை ஒரே ஆண்டில் 20,000-ஆகக் கொடுத்தால்? 0.5 சதவீத வரம்பாக 1,500 டாலர் போய்விடும், மிச்சம் 18,500. மற்ற 25,000-ஓடு சேர்த்து 43,500. ஸ்டாண்டர்டைவிட 11,300 அதிகம். 24 சதவீதம் என்றால் 2,712 டாலர். எல்லா எண்களும் நான்கு ஆண்டும் மாறாது என்று வைத்தால் வித்தியாசம் 792 டாலர்தான். மொத்தமாகக் கொடுப்பது இன்னும் லாபம்தான், ஆனால் அதற்காக 20,000 டாலரை முன்கூட்டியே புரட்ட வேண்டும். கடன் வாங்கியோ ஓய்வுக்காலச் சேமிப்பை உடைத்தோ செய்கிற அளவுக்கு அது பெரிய தொகை இல்லை.

கணக்கு நிஜமாகவே மாறுவது பங்குகளில்தான். ஐடி கம்பெனிகளில் வேலை பார்த்து, பல ஆண்டுக்கு முன் கிடைத்த பங்குகளை அப்படியே வைத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. 4,000 டாலருக்கு வந்த பங்கு இன்று 20,000 என்றால், விற்றால் 16,000 லாபத்துக்கு 15 சதவீதமாக 2,400 டாலர் வரி. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த அந்தப் பங்கை விற்காமல் அப்படியே கொடுத்துவிட்டால் இந்த வரி இல்லை, மேலே சொன்ன கழிவும் உண்டு. ஆண்டு வருமானத்தில் 30 சதவீதம் வரை இப்படிக் கொடுக்கலாம். டோனர் அட்வைஸ்டு ஃபண்டும் இங்கே சரியாகப் பொருந்தும். ஆனால் ஐட்டமைஸ் செய்யாதவர்களுக்கான அந்த 2,000 டாலர் கழிவு, இந்த ஃபண்டுக்குக் கொடுக்கும் பணத்துக்குக் கிடையாது.

இந்த வழியின் பள்ளம் புள்ளிகள். பல பல்கலைக்கழகங்களின் ரசிகர் நிதி அமைப்புகள் எந்த நன்கொடைக்கும் புள்ளி தரும்; புள்ளி ஏறினால் இருக்கைத் தேர்வில் முன்னுரிமை. சட்டமோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ டிக்கெட் வாங்கும் உரிமை கிடைத்தால் கழிவு இல்லை என்கிறது. ஸ்காலர்ஷிப்புக்குக் கொடுத்த பணம் புள்ளியாக மாறி, புள்ளி இருக்கையாக மாறினால் எந்தக் கட்டத்தில் கழிவு போகிறது? பல அமைப்புகள் 'இது முழுவதும் கழியும்' என்று ரசீதில் எழுதுகின்றன. ரசீது எழுதுகிறவருக்கு உங்கள் வரிப் பொறுப்பு கிடையாது. பெரிய தொகை என்றால், புள்ளிகள் வேண்டாம் என்று கொடுக்கும்போதே எழுத்தில் மறுத்துவிடுவது நல்லது. அல்லது விளையாட்டுத் துறையையே தாண்டி, நூலகத்துக்கோ படித்த துறைக்கோ கொடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மனநிறைவு. கோச்சின் சம்பளத்துக்கு என் பணம் தேவைப்படாது.

வீரர்களுக்குக் கொடுப்பதற்காக ரசிகர்களிடம் பணம் திரட்டும் கலெக்டிவ் அமைப்புகளுக்குக் கொடுப்பதை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அவற்றில் பலவும் வரிவிலக்குக்குத் தகுதியானவை அல்ல என்று ஐஆர்எஸ் சட்டப்பிரிவு 2023 ஜூனில் ஒரு குறிப்பு வெளியிட்டது. கொடுக்க விரும்பினால் கொடுங்கள், கழிவை எதிர்பார்க்காதீர்கள்.

## கம்பெனிக் கணக்கில் எழுதுவது

முன்பு வாடிக்கையாளரை ஆட்டத்துக்கு அழைத்துப் போனால் செலவில் பாதியைக் கழிக்க முடிந்தது. 2018 முதல் பொழுதுபோக்குச் செலவு என்ற வகையே கழியாது. இருக்கை நன்கொடையை 'பிசினஸ் டெவலப்மென்ட்' என்று பெயர் மாற்றி எழுதினாலும் அது இருக்கைதான், ஆடிட்டில் நிற்காது.

நிற்பது விளம்பரம். மைதானப் பலகை, வானொலி ஒலிபரப்பில் அறிவிப்பு, நிகழ்ச்சி நிரலில் பெயர் என்று ஸ்பான்சர்ஷிப் ஒப்பந்தம் போட்டால் அது தொழில் செலவு. ஒப்பந்தத்தோடு நான்கு டிக்கெட் வந்தால் அந்த நான்கின் மதிப்பைப் பிரித்து வைக்க வேண்டும். மைதானம் உள்ள ஊரிலேயே பல் மருத்துவமனையோ உணவகமோ ரியல் எஸ்டேட்டோ நடத்துகிறவருக்கு இது நல்ல வழி. டல்லாஸில் உட்கார்ந்து இந்தியாவிலுள்ள வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் செய்கிறவருக்கு அந்த விளம்பரத்தால் என்ன வியாபாரம் வரும்? அதைச் சொல்ல முடியாவிட்டால் கழிவும் கேட்க வேண்டாம்.

## இரண்டையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள்

இருக்கையும் வேண்டும், கல்லூரிக்கும் கொடுக்க வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இது. இருக்கையை உங்கள் இடத்தில் கிடைக்கிற குறைந்தபட்சத் தொகைப் பகுதிக்கு இறக்குங்கள். மிஞ்சியதை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து, முடிந்தால் பங்காக, விளையாட்டுக்கு வெளியே ஒரு நிதிக்குக் கொடுங்கள். இருபது வரிசை மேலே போனால் ஆட்டம் இன்னும் நன்றாகத் தெரிகிறது என்பதும் பலரின் அனுபவம்.

எந்த வழியானாலும் 250 டாலரும் அதற்கு மேலும் உள்ள நன்கொடைக்கு எழுத்து வடிவ ரசீது வேண்டும், அதில் பதிலுக்குப் பொருளோ சேவையோ கிடைத்ததா என்ற வரி இருக்க வேண்டும். வருமான வரி தாக்கல் செய்வதற்கு முன்பே அது கைக்கு வந்திருக்க வேண்டும். பிறகு வாங்கிச் சேர்த்தால் செல்லாது. இருக்கைத் தொகை, பார்க்கிங், நன்கொடை மூன்றையும் ஒரே கூட்டுத்தொகையாக அனுப்பியிருந்தால் ஜனவரியிலேயே கேட்டு மூன்றாகப் பிரித்து வாங்கிவிடுங்கள். மார்ச்சில் புதுப்பிப்புக் கூட்டம் தொடங்கிவிட்டால் அவர்கள் தொலைபேசியை எடுக்க நாளாகும்.